ரங்கூனில் பறிபோன கடை பாரிமுனையில் கிடைத்தது!
பர்மா பஜார் பிறந்த கதை

"அண்ணே, வாட்ச் வேணுமா? டேப்ரிக்கார்டர் இருக்கு, வந்து பாருங்க!"

தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி சென்னை பாரிமுனையில் இறங்கிய பழைய ஆட்களுக்கு இந்தக் குரல் மறந்திருக்காது. 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் திறக்கும்வரை வெளியூர் பஸ்கள் பாரிமுனையில்தான் வந்து நின்றன. வந்த வேலை முடிந்ததும் ஒரு நடை பர்மா பஜார். ஃபாரின் சென்ட் பாட்டில் ஒன்றாவது இல்லாமல் ஊர் திரும்பினால் வீட்டில் மரியாதை ஏது?

சாமானுக்குப் பேரம் பேசினோமே, கடைக்காரரின் கதையைக் கேட்டோமா?

செல்லாத நோட்டு

பர்மாவில் இருந்த தமிழர்கள் எல்லோரும் வட்டிக்கு விட்ட பணக்காரர்கள் அல்ல. மளிகைக் கடை, துணிக்கடை, டீக்கடை வைத்துப் பிழைத்தவர்கள், கூலி வேலை பார்த்தவர்கள் ஏராளம். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு! கடையும் போச்சு, கல்லாவில் இருந்த காசும் போச்சு. நகைநட்டைக்கூட இஷ்டத்துக்கு எடுத்துவர விடவில்லை. கப்பல் கப்பலாக வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

அந்தத் துறைமுகத்தின் அருகிலேயே, பீச் ஸ்டேஷன் பக்கம், பிளாட்பாரத்தில் 1969-ல் இவர்களுக்காக உருவானதுதான் பர்மா பஜார். எல்லாம் பெட்டிக்கடை அளவு. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான்!

'குருவி' சரக்கு

இறக்குமதிக்கு அப்போது ஏகக் கெடுபிடி. கப்பல்காரர்கள் கொண்டுவந்தது, சிங்கப்பூர் 'குருவி'கள் சுமந்து வந்தது என்று சரக்கு சேர்ந்தது. கடத்தல் சாமான் என்ற கெட்ட பெயரும் கூடவே சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், சுங்க இலாகாவின் பெரிய ஆபீசும் அதே ராஜாஜி சாலையில்தான்!

அட்டைப்பெட்டியைப் பிரித்தால் உள்ளே செங்கல் என்று புலம்பியவர்களும் உண்டு. அதற்காக மொத்தத் தெருவுக்கும் திருட்டுப் பட்டம் கட்டுவது என்ன நியாயம்? அங்கே கடை விரித்தவர்களில் பலர் சொந்தக் கடையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள்.

1991-க்குப் பிறகு கெடுபிடி படிப்படியாகத் தளர்ந்தது. ஃபாரின் சாமான் நம்ம தெருமுனைக் கடைக்கே வந்துவிட்டது. பஜார் சி.டி.க்குத் தாவியது. திருட்டு வி.சி.டி. ஆசாமிகள் மீதும் குண்டர் சட்டம் பாயும் என்று 2004-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிறகு செல்போன், சார்ஜர், ரிப்பேர்.

கடைகள் பல கைமாறிவிட்டன. பர்மாவைக் கண்ணால் பார்க்காதவர்கள்தான் இப்போது அதிகம். பழைய ரங்கூன் வாசனை வேண்டுமென்றால் சாயங்காலம் பக்கத்து செகண்ட் லைன் பீச்சுக்குப் போங்கள். நூடுல்சில் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து 'அத்தோ' தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

காரத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.