வெயில் படாத தறிக்குழியும் வலிக்கும் எலும்பும்

"டாக்டரய்யா, தறிக்குழியில உட்கார்ந்தா எழுந்திருக்கவே முடியலை. இடுப்பு, தொடையெல்லாம் கழண்டு விழற மாதிரி வலிக்குது..."

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு நெசவாளர் என்னிடம் சொன்னது இது. வயது 45. நாடி பார்த்தேன். வாதம் என்று தீர்மானித்து உளுந்து தைலம் கொடுத்தேன். பிடிப்பு கொஞ்சம் தளர்ந்ததே தவிர, எலும்பு வலி போகவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வைட்டமின் டி மிகவும் குறைவு!

"சத்துக் குறைவுதானேய்யா?" என்றார்.

"வெறும் சத்து இல்லப்பா, இது ஹார்மோன்!" என்றேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தோலில் பிறந்து சிறுநீரகத்தில் முடிவது

வெயில் தோலில் பட்டதும் அங்குள்ள ஒருவகைக் கொழுப்பிலிருந்து வைட்டமின் டி உருவாகிறது. அது கல்லீரலில் ஒரு மாற்றம் அடைகிறது, சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைகிறது. அதற்குப் பிறகுதான் அது வேலை செய்யும் ஹார்மோன். சிறுநீரகத்தை அந்த மாற்றத்தைச் செய்யத் தூண்டுவதும் ஒரு ஹார்மோன்தான். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன.

சரி, இந்த ஹார்மோன் என்ன செய்கிறது?

நம் ஊர் ஜக்கார்டு தறியைப் பார்த்திருப்பீர்கள். டிசைன் முழுக்க அட்டையில் துளைகளாக இருக்கும். எந்த இழை மேலே எழும்புகிறதோ, அதற்கேற்பப் பூ விழும். அதுபோல, நம் செல்களில் ஏறக்குறைய 20,000 ஜீன்கள் இருக்கின்றன. குடலிலும் அவைதான், எலும்பிலும் அவைதான். எந்த ஜீன் எங்கே விழித்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம்!

ஜீனை விழிக்க வைக்க ஹார்மோன் மட்டும் போதாது. அதை வாங்கிக்கொள்ளும் 'ரிசப்டர்' என்ற புரதம் வேண்டும். அந்த ரிசப்டருக்கு ஒரு ஜோடியும் வேண்டும். கோர்வைச் சேலையில் உடலை நெய்பவர் ஒருவர், கரை நாடாவைத் தள்ள பக்கத்தில் உதவியாள் ஒருவர் இருப்பார் இல்லையா? அதுபோல வைட்டமின் டி ரிசப்டரோடு சேரும் கூட்டாளி, வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் பொருளை அடையாளம் காணும் ரிசப்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. தைராய்டு ஹார்மோனின் ரிசப்டரோடு ஜோடி சேர்வதும் இதே கூட்டாளிதான்!

இந்த ஜோடி ஒவ்வோர் உறுப்பிலும் ஒவ்வொரு வேலையைச் செய்கிறது. குடலில், கால்சியத்தை உள்ளே இழுக்கும் புரதங்களின் ஜீன்களை எழுப்புகிறது. பாராதைராய்டில், அந்தச் சுரப்பியின் ஹார்மோன் ஜீனை அடக்கி வைக்கிறது. எலும்பில், பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலையில் பங்கெடுக்கிறது.

வைட்டமின் டி குறைந்தால் என்ன ஆகும்? சாப்பாட்டில் உள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடம்பில் சேரும். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க, பாராதைராய்டு ஹார்மோன் பெருகி எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கும். கேழ்வரகுக் கூழும் எள்ளுருண்டையும் சாப்பிட்டும் எலும்பு வலிப்பது இதனால்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பைக் காத்து வந்த ஈஸ்ட்ரோஜனும் குறைந்துவிடுவதால் பாதிப்பு இரட்டிப்பு.

நானும் திருத்திக்கொண்டேன்

"காலை இளவெயிலில் நில்லுங்கள், போதும்" என்று பல வருடம் சொல்லி வந்தவன் நான். ஆனால் பக்கத்துத் திருப்பதியில் செய்து 2013-ல் வெளியான ஆய்வு வேறு சொல்கிறது. காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் தோலில் வைட்டமின் டி உண்டாவது தெரிந்தது. நெசவாளர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்? வீட்டுக்குள், தறிக்குழியில்! வாசலில் நெருப்பாய் வெயில் காய்ந்தும் பயனில்லை.

நம் நெசவாளரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். மாத்திரையோடு மதிய வெயிலும் சேர, சில மாதங்களில் வலி குறைந்தது. இப்போது சாப்பாட்டு வேளையில் கொஞ்ச நேரம் வாசலுக்கு வந்து விடுகிறார்.

நினைவில் வையுங்கள்

* முகம், கை, கால்களில் படும்படி 15 முதல் 30 நிமிடம் வெயிலில் இருங்கள். கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். தலைசுற்றினால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது.

* மத்தி மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் வைட்டமின் டி உண்டு. முருங்கைக் கீரை வைட்டமின் ஏ-க்கு நல்லது.

* 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதினால் வாரம் ஒன்றுதான். தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி வரும், சிறுநீரகமும் கெடும்.

* கர்ப்பிணிகள் டாக்டர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரையைத் தொடவே கூடாது. அளவு மிஞ்சினால் சிசுவின் உறுப்புகள் உருவாவதையே கெடுத்துவிடும்.

ஜீனையே எழுப்பும் பொருளுக்கு 'வெறும் சத்து மாத்திரை' என்று பெயர் வைக்காதீர்கள். அளவு தெரிந்து, டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். வெயிலுக்கு மட்டும் சீட்டு வேண்டாம்... வாசலுக்கு வாருங்கள்!