காரில் இணையம் அறுந்தால்...

ஓடும் காரின் திரையில் நிலப்படம் திடீரென நின்றுவிடுகிறது. பழுது எங்கே?

காருக்கு இணையம் இரு வழிகளில் வரும். ஒன்று, நமது கைபேசி. மற்றொன்று, காரிலேயே பொருத்தப்பட்ட சிம்மும் மோடமும். எந்த வழி என்பதை முதலில் அறிய வேண்டும். கைபேசி எனில், அதில் இணையம் வருகிறதா என்று பார்த்தால் போதும். மோடம் எனில், காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும்; சுரங்கப் பாதையிலும் அடித்தளத்திலும் மண்ணும் கான்கிரீட்டும் ரேடியோ அலைகளைத் தடுக்கின்றன. அப்படியும் வராவிடில் திரையை அணைத்து மீண்டும் இயக்கலாம். சந்தா முடிந்துவிட்டதா என்றும் பார்க்கலாம்.

இவை எவற்றாலும் தீராத பழுதும் உண்டு. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரி 22-இல் தன் 3ஜி சேவையை நிறுத்தியது. 3ஜி மட்டுமே அறிந்த மோடம்கள் ஊமையாயின. கார் ஓடிற்று, வானொலியும் பாடிற்று. ஆனால், விபத்து நேர்ந்தால் தானாகவே உதவி கோரும் வசதி பல கார்களில் அற்றுப்போயிற்று!

கார் பல்லாண்டுகள் உழைக்கும். அதன் மோடமோ, அதற்குப் பதில் சொல்லக் கோபுரம் உள்ளவரைதான் பேசும். ஆகவே, பழைய கார் வாங்குவோர் எஞ்சினோடு மோடத்தின் தலைமுறையையும் கேட்டறிவது நன்று.