அதிர்ஷ்டத்தைச் சில்லறையாக்கும் வில்

ரோக்லைக் என்றொரு வகைக் கணினி விளையாட்டு உண்டு. அதில் செத்தால் செத்ததுதான். சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடியாது. முப்பது மணி நேரம் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன் ஒரு பிசகில் போய்ச் சேர்ந்தால், அடுத்த ஆட்டம் முதல் தளத்தில், ஒன்றும் தெரியாத புதியவனோடு தொடங்கும். அந்த முதல் தளமும் பழைய தளமாக இருக்காது. அறைகள், இடைவழிகள், அரக்கர்கள், புதையல்கள் என எல்லாவற்றையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கணினி புதிதாகப் பகடை உருட்டி அமைக்கிறது. அடி விழுமா, விழுந்தால் எவ்வளவு நோகும் என்பதும் பகடைதான். இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவர் வில்லாளியை எடுத்துக்கொண்டு இறங்கி, கடைசிவரை போய் வென்றுவிட்டால், அந்தக் கதையை 'அதிர்ஷ்டம்' என்ற சொல்லோடுதான் தொடங்குவார். வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருள் கிடைத்தது, சாக வேண்டிய இடத்தில் ஒரு அம்பு தைத்தது என்று அடுக்குவார். அந்தச் சொல் பாதிதான் சரி. இந்த ஆட்டங்களின் உள்கணக்கைப் பார்த்தால், வில் அதிர்ஷ்டத்தை ஒழிப்பதுமில்லை, அதை நம்பி நிற்பதுமில்லை என்பது தெரியும். பெரிய நோட்டாக வரும் அதிர்ஷ்டத்தை அது சில்லறையாக மாற்றுகிறது. சில்லறையை எண்ணிச் செலவழிக்கலாம்.

வகையின் பெயரே அதன் பிறப்பைச் சொல்கிறது. 1980ஐ ஒட்டி, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரு மாணவர்கள் 'ரோக்' என்ற விளையாட்டை எழுதினார்கள். ரோக் என்றால் போக்கிரி. பின்னர் பெர்க்லியில் கென் ஆர்னால்ட் சேர்ந்துகொண்டார். எழுத்துகள் மட்டுமே தெரியும் யூனிக்ஸ் திரையில் எந்த இடத்திலும் ஓர் எழுத்தை வைக்க உதவும் 'கர்சஸ்' நிரல் தொகுப்பு அவருடையது. படமே இல்லை. மின்னஞ்சல் முகவரியின் நடுவே வரும் 'அட்' குறிதான் வீரன்; 26 ஆங்கில எழுத்துகள் 26 வகை அரக்கர்கள். 26ஆம் தளத்தில் கிடக்கும் யெண்டோர் தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே திரும்ப வேண்டும். பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்போடு ரோக் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. 1982இல் ஜே ஃபென்லாசன் அதைப் பார்த்து 'ஹேக்' எழுதினார். அதிலிருந்து கிளைத்து 1987 ஜூலையில் வெளியானது 'நெட்ஹேக்'. இன்றும் ஆடப்படும் நெட்ஹேக்கின் மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து கிடக்கிறது. சூதாட்ட விடுதியின் இயந்திரம் தன் பகடைக்கணக்கை மறைக்கும், நெட்ஹேக் காட்டிவிடுகிறது. அதனால் வில்லாளியின் அதிர்ஷ்டத்தை ஊகிக்கத் தேவையில்லை, கணக்கே போடலாம்.

நெட்ஹேக்கில் வில்லுக்கென்றே அமைந்த பாத்திரம் ரேஞ்சர். தொடக்கத்தில் அவனிடம் இருப்பவை ஒரு குத்துவாள், ஒரு வில், மந்திரம் ஏற்றிய '+2' அம்புகள் 50 முதல் 59 வரை, சாதாரண அம்புகள் 30 முதல் 39 வரை, எதிரியின் கண்ணை ஏமாற்றும் ஒரு மேலங்கி, கொஞ்சம் உலர்ந்த உணவு. உயிர்ப்புள்ளிகள் பதினைந்தை ஒட்டித்தான். கைகலப்பில் இவன் தாங்கமாட்டான். ஆகவே அம்புதான் இவனுடைய முதல். அந்த முதல் எப்படிக் கரைகிறது என்பதில்தான் முதல் சூட்சுமம். குறி தவறிய அம்பு உடைவதில்லை, போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம். தைத்த அம்புதான் உடையக்கூடும். சாதாரண அம்பு தைக்கும் ஒவ்வொரு முறையும் மூன்றுக்கு இரண்டு என்ற வாய்ப்பில் உடைகிறது. +2 அம்பு உடையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அப்படியானால் ஒரு சாதாரண அம்பு சராசரியாக ஒன்றரை முறை தைத்து முடிந்துபோகும். ஒரு +2 அம்பு நான்கு முறை தைக்கும். 35 சாதாரண அம்புகளை வைத்து 52 தடவைதான் எதிரியைத் துளைக்க முடியும். 55 நல்ல அம்புகளை வைத்து 220 தடவை துளைக்கலாம். தரையில் கிடக்கும் அம்புகளை விட்டுவிட்டு ஓடுபவருக்கும், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் திரும்பிப் போய்ப் பொறுக்குபவருக்கும் பகடை ஒன்றேதான். ஆனால் ஒருவருடைய தூணி ஐந்தாம் தளத்திலேயே காலியாகிவிடும், இன்னொருவருடையது கடைசித் தளங்கள்வரை கனமாக இருக்கும்.

இரண்டாவது சூட்சுமம் தூரம். எதிரியும் வில்லாளியும் ஒரே வேகத்தில் நகர்கிறார்கள், இடையே ஆறு காலிக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரி பக்கத்துக் கட்டத்துக்கு வந்து சேர ஆறு நகர்வுகள் வேண்டும். வாளேந்தியவன் அந்த ஆறு நகர்வுகளும் காத்திருக்கிறான். வில்லாளி ஆறு முறை எய்கிறான். நெட்ஹேக்கில் ஒரே நகர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட அம்புகளும் பாயும். எத்தனை அம்புகள்வரை பாயலாம் என்ற உச்சவரம்பைப் பாத்திரமும் பயிற்சியும் உயர்த்துகின்றன; அந்த வரம்புக்குள் இம்முறை எத்தனை என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. வரம்பு மூன்று என்றால் சராசரி இரண்டு. ஆறு நகர்வுகளில் பன்னிரண்டு அம்புகள் பாய்ந்துவிடும். நூற்றுக்கு அறுபது குறி தப்பாது என்றும், தைக்கும் அம்பு ஒவ்வொன்றும் ஆறுமுகப் பகடை அளவுக்குக் காயம் செய்யும் என்றும் கொண்டால், எதிரி தன் முதல் அடியை ஓங்குவதற்குள் ஏறக்குறைய 25 புள்ளிகளை இழந்திருக்கும். ஆட்டத்தின் தொடக்கத்தில் எதிர்ப்படும் பெரும்பாலானவை அதற்கு முன்பே விழுந்துவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்தால் நிகழ்தகவின் பழைய விதி வேலை செய்யத் தொடங்குகிறது. நூற்றுக்கு அறுபது என்ற வாய்ப்பில் பத்து அம்புகள் எய்தால், மூன்றோ அதற்குக் குறைவாகவோ தைக்கும் மோசமான நாள் நூற்றில் ஐந்து தடவை வரும். ஆயிரம் அம்புகள் எய்தால் எண்ணிக்கை 600ஐச் சுற்றியே நிற்கும். 550க்குக் கீழே இறங்குவது ஆயிரத்தில் ஒரு தடவைகூட நடக்காது. வாளேந்தியவனின் கதையில் பகடை சில பெரிய தருணங்களில் பேசுகிறது. வில்லாளியின் கதையில் அது ஆயிரம் சிறிய தருணங்களில் முணுமுணுக்கிறது. வெற்றியைச் சொல்பவர் நினைவில் வைத்திருப்பதோ, சாகக்கிடந்தபோது தைத்த அந்த ஓர் அம்பை மட்டும். அதற்கு முன் யாரும் எண்ணாமல் தைத்த 270 அம்புகள்தான் அந்த ஒன்றை எய்யும் இடம்வரை அவரைக் கொண்டுவந்தன.

தூரம் தானாகக் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நெட்ஹேக்கில் அம்பு எட்டுத் திசைகளில் மட்டுமே பாயும். சதுரங்கக் குதிரை தாவும் கட்டத்தில் நிற்கும் எதிரியை எய்ய முடியாது. அதுவும் நம்மை எய்ய முடியாது. எந்தக் கோட்டில் நிற்பது, எந்தக் கோட்டிலிருந்து விலகுவது, நீண்ட இடைவழியின் எந்த முனையில் காத்திருப்பது, எப்போது மாடிப்படியில் காலை வைத்துக்கொண்டு எய்வது ஆகியவை முழுக்க ஆடுபவரின் தேர்வு. வில்லாளிகள் இந்தத் தேர்வில் எவ்வளவு தேறிவிட்டார்கள் என்பதற்கு ஆட்டத்தின் விதிமாற்றமே சாட்சி. தரையில் 'எல்பெரெத்' என்ற பெயரை எழுதிவிட்டு அதன்மேல் நின்றால் பல அரக்கர்கள் நெருங்க அஞ்சும். அப்படி நின்றபடி அம்பு மழை பொழிவது ஒரு காலத்தில் பழக்கமான உத்தி. 2015இல் வந்த 3.6 பதிப்பில், அதன்மேல் நின்று தாக்கினால் எழுத்து அழிந்துபோகும்படி செய்துவிட்டார்கள். பகடையை மட்டும் நம்பியவர்கள் வென்றுகொண்டிருந்தால் இப்படிப்பட்ட விதியை மாற்றவேண்டிய தேவையே வந்திருக்காது.

இதற்கு எழும் முதல் மறுப்பு பொருள்களைப் பற்றியது. அம்பின் கணக்கு சராசரியாகலாம். ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பொருளோ ஒன்றுதான், அது கிடைத்தால் வெற்றி, இல்லையேல் சாவு என்பார்கள். உதாரணமாக, மந்திரக் கதிர்களைத் திருப்பியடிக்கும் காப்பு இல்லாமல் ஆழத்தில் பிழைப்பது கடினம். சோகோபான் என்ற பெட்டி நகர்த்தும் புதிர்த்தளங்களை முடித்தால் கிடைக்கும் பரிசு, பாதி வாய்ப்பில் அந்தக் காப்பைத் தரும் தாயத்து. மறுபாதியில் எடையைக் குறைக்கும் பை. ஆனால் அந்தக் காப்புக்கு அது ஒன்றே வழியல்ல. மெடூசாவின் தீவில் நிற்கும் சிலைக்குள் அதற்கான கேடயம் இருக்கலாம். வெள்ளி டிராகனின் செதிலும் அதையே செய்யும். கோட்டைத் தளத்தில் கேட்டதைத் தரும் கோல் ஒவ்வோர் ஆட்டத்திலும் உறுதியாக உண்டு. ரேஞ்சர் தன் தனிப்பணியை முடித்தால் கிடைக்கும் டயானாவின் நெடுவில்லைக் கையில் பிடித்தாலே கதிர்கள் திரும்பிவிடும். அம்பையும் அதுவே படைத்துத் தரும். மூன்று வழிகள், ஒவ்வொன்றும் பாதி வாய்ப்பு என்றால், மூன்றும் கைவிடுவது எட்டில் ஒரு தடவைதான்; நிச்சயமான வழி ஒன்றும் இருந்தால் அந்த எட்டில் ஒன்றும் போய்விடும். தேர்ந்தவர் ஒரே பொருளின்மேல் உயிரைக் கட்டுவதில்லை. 'அந்தத் தாயத்து கிடைத்ததால் வென்றேன்' என்று அவர் சொல்வது உண்மைதான். கிடைக்காவிட்டால் வேறொன்றைச் சொல்லியிருப்பார் என்பதும் உண்மை.

அதிர்ஷ்டம் என்ற சொல்லை நெட்ஹேக்கே ஒரு எண்ணாக வைத்திருப்பது இங்கே சுவையான செய்தி. சாதாரணமாக அது −10க்கும் +10க்கும் இடையே நிற்கும். அம்பு தைக்குமா என்ற கணக்கில் நேரடியாகக் கூட்டப்படும். வெளியே உண்மையான வானத்தில் பௌர்ணமி என்றால் ஒன்று கூடும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக அமைந்தால் ஒன்று குறையும். ஆனால் வானத்தால் வரும் இந்த ஒன்று மிகச் சிறியது. சண்டைக்கு வராத ஓர் உயிரைக் கொன்றால் ஐந்து குறையும். தன் தர்மத்தைச் சேர்ந்த ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு உண்மையான மணியை எறிந்து கொடுத்தால் ஏறும். கணக்கில் பெரும்பங்கு ஆடுபவரின் நடத்தையிலிருந்து வருகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. வென்றவர்தான் கதை சொல்கிறார். மூன்றாம் தளத்தில் எறும்புகளிடம் சிக்கி மாண்ட நூறு வில்லாளிகள் எதையும் சொல்வதில்லை. ஆகவே வெற்றிக்கதையிலிருந்து திறமையை நிறுவ முடியாது என்பது அதன் சாரம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஒரு வெற்றி எதையும் நிரூபிக்காது. அதனால்தான் சான்றை வேறிடத்தில் தேடவேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மால்டின், கை ஜேக்கப்சன், ஆண்ட்ரூ ஆப்பெல், லியனார்ட் ஹேமி ஆகிய நால்வர் 1980களின் தொடக்கத்தில் ரோக் ஆடுவதற்காகவே 'ரோக்-ஓ-மேட்டிக்' என்ற நிரலை எழுதினார்கள். 1983இல் மூன்று வாரம் நடந்த சோதனையில், அங்கே ரோக் ஆட்டத்தில் முன்னணியிலிருந்த 15 பேரில் எவருடையதைவிடவும் அதன் இடைநிலைப் புள்ளி உயர்ந்திருந்தது. இடைநிலை என்ற அளவுகோலைக் கவனிக்கவேண்டும். மிகச் சிறந்த ஒரு ஆட்டத்தைக் குருட்டு அதிர்ஷ்டம் தரலாம். நடுவில் நிற்கும் ஆட்டத்தை அது தூக்கிப் பிடிக்க முடியாது. அதேபோல, பொது சர்வர்களில் நெட்ஹேக்கை இருபதுக்கும் மேற்பட்ட தடவை இடையில் சாகாமல் தொடர்ந்து வென்றவர்கள் உண்டு. ஓர் ஆட்டத்தில் வெல்ல பத்தில் ஒரு வாய்ப்புதான் என்றால், ஐந்து தொடர் வெற்றிகளே லட்சத்தில் ஒன்று. பத்தில் ஒன்பது என்றால் இருபது தொடர் வெற்றிகள் எட்டில் ஒன்று. அவர்களுடைய வாய்ப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகிப்பது கடினமில்லை.

அப்படித் திறமைதான் பெரிது என்றால் பகடை எதற்கு, சதுரங்கம்போல அதை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். சதுரங்கத்தில் எதிரே இன்னொரு மூளை இருக்கிறது. அதன் புதுமையே போதும். ரோக்லைக்கில் எதிரே இருப்பது நிரல். தளங்கள் மாறாதவையாக இருந்தால், இரண்டாம் அறையின் கதவுக்குப் பின்னால் என்ன என்பதை ஒருமுறை செத்தே கற்றுவிடலாம். பிறகு ஆட்டம் மனப்பாடமாகிவிடும். பகடை மனப்பாடத்தைப் பயனற்றதாக்கி, புரிந்துகொள்வதை மட்டும் மிச்சம் வைக்கிறது. இந்த அறையில் எங்கே நிற்பது என்பதற்குப் பழைய ஆட்டத்தில் விடை கிடையாது. எட்டுத் திசைகளின் கணக்கு தெரிந்தவருக்கு எந்த அறையிலும் விடை உண்டு.

மிச்சமிருக்கும் அதிர்ஷ்டத்தை மறைப்பதும் நேர்மையாகாது. சில்லறையாக்கவே நேரம் கிடைக்காத முதல் சில தளங்களில் நோட்டு முழுசாகத்தான் வரும். பதினைந்து புள்ளி உயிரோடு ஒரு முனை திரும்பும்போது, 12 வேகத்தில் நகரும் வில்லாளியின் எதிரே 18 வேகத்தில் ஓடக்கூடிய சிப்பாய் எறும்பு நின்றால், கணக்குத் தெரிந்தவரும் சாகலாம். வென்றவர் 'அதிர்ஷ்டம்' என்று சொல்லும்போது அந்தத் தொடக்க மணி நேரத்தைச் சொல்கிறார் என்றால், அவரோடு சண்டையில்லை. அதற்குப் பிந்தைய நாற்பது தளங்களையும் அதே சொல்லுக்குள் அடைத்தால்தான் கணக்கு இடிக்கிறது. அந்த நாற்பது தளங்களில், ஒவ்வொரு சண்டை முடிந்த பிறகும், அவர் குனிந்து அம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்.