கலங்கிய தேநீர் கூறும் செய்தி

1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பார் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அன்று தொடங்கிய தொழில் மலைநாட்டின் வாழ்வாகவே ஆகிவிட்டது. அத்தேயிலையை நாள்தோறும் அருந்துகின்ற நாம், அக்கோப்பைக்குள்ளே நிகழும் ஒரு சிறு மாற்றத்தை ஊன்றி நோக்குவதில்லை. கடும் சாயமான பாலில்லாத் தேநீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஆறவிட்டால், தெளிந்திருந்த செந்நீர் மெல்ல மெல்லக் கலங்குகிறது. மீண்டும் சூடாக்கினால் அது பெரிதும் தெளிகிறது. இதனைத் தேயிலை வணிகர் 'கிரீம்' என்பர். நல்ல சாரமுள்ள தேயிலைக்கு அஃது ஓர் அடையாளம் என்றும் கொள்வர்.

இக்கலக்கம் எதனால் உண்டாகிறது? கொழுந்தை வாட்டி உருட்டும்போது, இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் நிறப்பொருள்கள் தோன்றுகின்றன. சூடான நீரில் இவை கஃபீனோடு பெரும்பாலும் தனித்தனியே அலைகின்றன. வெப்பம் குறைந்ததும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நுண்திரள்களாகின்றன. அத்திரள்களே ஒளியை நாற்புறமும் சிதறச் செய்கின்றன.

சிறு துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும் விதியை 1871இல் ராலே பிரபு வகுத்தார். அவ்விதியின்படி, ஒளியலையின் நீளத்தினும் மிகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி, அத்துகளின் பருமனின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஆயிரம் மூலக்கூறுகள் ஒரே திரளாயின், அத்திரள் ஒரு மூலக்கூற்றைப் போல் பத்து இலட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். தனித்தனியே நின்ற அதே ஆயிரமும் சேர்ந்து சிதறடித்த ஒளியோ ஆயிரம் மடங்கே. பொருளின் அளவு சிறிதும் கூடாமலிருக்க, ஒளி மட்டும் ஆயிரம் மடங்கு பெருகுகிறது! சிதறல், கூட்டுச் சேர்க்கையைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணிய சாட்சியாவது இதனாலேயே. துகள் எதுவுமற்ற தூய நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதைத் தமிழ்நாட்டிற் பிறந்த சர் சி. வி. இராமன் ஆராய்ந்து, கடல் நீலநிறமாகத் தோன்றுவதற்குக் காரணம் கூறினார். அவ்வாய்வின் வழியே சென்றுதான் 1928இல் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டார்.

தேநீர் குளிரில் கலங்குகிறது. இதற்கு நேர்மாறாகச் சூட்டில் கலங்கும் கரைசல்களும் உண்டு. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்த நெடிய மூலக்கூறுகளைப் பல்பகுதியங்கள் என்கிறோம். அவற்றுள் பொலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைட் என்பது தண்ணீரில் நன்கு கரையும். ஆனால் ஏறக்குறைய 32 பாகை செல்சியசைக் கடந்ததும் கரைசல் பால்போல் வெளுத்துவிடுகிறது. குளிர்ந்த நிலையில் நீர் மூலக்கூறுகள் சங்கிலியைச் சூழ்ந்து தாங்குகின்றன. சூடேறியதும் அவை பிடிவிட்டு விலக, நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் சங்கிலி பந்தாகச் சுருங்குகிறது.

கண்ணுக்குத் தெரிவதோ வெளுப்பாகிய இறுதி நிலை மட்டுமே. அதற்கு முந்திய படிகளை அறிய விஞ்ஞானிகள் லேசர் ஒளியைக் கரைசலினூடே செலுத்துவர். நீரிலுள்ள துகள்கள் ஓயாது துள்ளுவதால், சிதறிய ஒளி ஓயாது மினுமினுக்கும். சிறு துகள் விரைந்து துள்ளும். பெருந்துகள் மந்தமாய் அசையும். ஆகவே மினுமினுப்பின் வேகத்தை அளந்து, நீரின் பாகுத்தன்மையையும் வெப்பநிலையையும் கொண்டு, துகளின் பருமனைக் கணக்கிடலாம். மிக நீர்த்த கரைசலைச் சூடாக்கும்போது மினுமினுப்பு முதலில் விரைவடையும். சங்கிலி சுருங்குகிறது என்பது அதன் பொருள். பின்னர் அது மந்தமடைந்தால், சுருங்கியவை திரளத் தொடங்கின என்று அறிகிறோம். இன்னும் நுணுக்கமான அமைப்பை அறிய எக்ஸ் கதிர்களும் நியூத்திரன்களும் பயன்படுகின்றன.

இவ்வறிவால் விளையும் பயன் யாது? இப்பல்பகுதியம் பூசிய தட்டில் 37 பாகையில் உயிரணுக்களை வளர்த்துப் பின் குளிரவைத்தால், அவை கிழியாத மெல்லிய படலமாகக் கழன்றுவரும். ஜப்பானிய ஆய்வாளர் 1990களில் இம்முறையை வளர்த்தனர். சிதைந்த திசுக்களைச் சீராக்குவதற்கு இஃது ஒரு வழி. கலங்கும் வெப்பநிலை நம் உடல் வெப்பத்துக்கு அருகில் அமைந்ததே இப்பொருளின் சிறப்பு.

நமது தேயிலைக்கும் இதில் பங்குண்டு. குளிரூட்டிப் போத்தலில் விற்கும் தேநீர் கலங்கலாகாது என வாங்குவோர் விரும்புவர். ஆனால் கலங்கலை வடித்து அகற்றினால், கொழுந்தின் நிறமும் சுவையும் அதனோடு போய்விடும். மலைச்சரிவிலே நின்று கொழுந்து கொய்யும் கைகளின் உழைப்பில் ஒரு பங்கு வடிகட்டியில் தங்கிவிடும் என்றே சொல்லலாம். எந்த வெப்பத்தில், எவ்வளவு பெரிய திரளாக அவை சேர்கின்றன என்று அளந்தறிந்தால், சாரத்தை இழக்காமலே தெளிவைக் காக்கும் வழியைத் தேட இயலும்.

நேயர்கள் இதனை வீட்டிலேயே பரிசோதிக்கலாம். ஒரு குவளையில் கடும் சாயமும் மற்றொன்றில் இளஞ்சாயமும் வடித்துக் குளிரவையுங்கள். இருட்டறையில் மின்சூளின் ஒளியை இரண்டின் ஊடாகவும் பாய்ச்சுங்கள். எந்தக் குவளையில் ஒளிக்கற்றை தெளிவாகத் தடம் பதிக்கிறதோ, அங்கே மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்டன என்று அறிந்துகொள்ளலாம்.