முற்றுப்பெறாத குற்றக்கதை

‘வந்து’, ‘கண்டு’, ‘கேட்டு’ என நிற்கும் சொற்களை வினையெச்சம் என்கிறோம். அவை தம்மை முடித்தற்கு ஒரு வினைமுற்றினை அவாவி நிற்பன. அம்முற்று வாராதவரையிற் கேட்போன் நெஞ்சமும் அவாவியே நிற்கும். சொல்லுக்குரிய இந்நியதி கதைக்கும் உரியதென்பதை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எனக்கு உணர்த்திற்று. ‘மைன்ட்ஹண்டர்’ என்பது அதன் பெயர். மனத்தை வேட்டையாடுவோன் எனப் பொருள் கொள்ளலாம். 2017 ஒக்டோபரில் 10 அங்கங்களும், 2019 ஓகஸ்டில் 9 அங்கங்களுமாக இரு பருவங்களில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. அதன்பின் தொடர் நின்றுபோயிற்று. அதற்கு மூன்றாம் பருவம் ஒன்று வேண்டும் என்பதே ஈண்டு என் கட்சி.

தமிழ்ப் பண்டிதனுக்குக் கொலைக்கதையில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். மாணாக்கர் சிலரின் வற்புறுத்தலாலேயே யானும் பார்க்கத் தொடங்கினேன். குருதியும் கூக்குரலும் மலிந்திருக்கும் என எண்ணியிருந்த எனக்கு, ஒரு மேசையும் இரு பக்கத்து நாற்காலிகளும் இடையே உரையாடலுமே பெரும்பாலும் காட்சியாயின. கொலையை அரங்கிற் காட்டாது சொல்லால் உணர்த்துவது பழைய கிரேக்க நாடகாசிரியர் கையாண்ட முறை. இயக்குநர் டேவிட் பிஞ்சரும் அவருடன் பணிபுரிந்தோரும் அம்முறையின் ஆற்றலை நன்கு அறிந்திருக்கின்றனர்.

கதை 1977இல் தொடங்குகிறது. வேர்ஜீனியா மாநிலத்துக் குவான்ரிக்கோவில், எஃப்.பி.ஐ. எனும் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தின் நிலவறை ஒன்றில் ஒரு சிறு பிரிவு இயங்குகிறது. ஹோல்டன் போர்ட் எனும் இளைஞனும், பில் டென்ச் எனும் அனுபவசாலியும், வென்டி கார் எனும் பேராசிரியையும் சேர்ந்து, பலரைக் கொன்று சிறையிலிருப்போரை நேரிற் கண்டு, அவர்தம் மனப்போக்கினை வகைப்படுத்த முயல்கின்றனர். இது வெறுங் கற்பனையன்று. ஜோன் டக்ளஸ், மார்க் ஓல்ஷேக்கர் ஆகியோர் 1995இல் வெளியிட்ட நூலே தொடருக்கு அடிப்படை. டக்ளஸ், றொபேட் ரெஸ்லர், ஆன் பேர்ஜஸ் ஆகிய மூவரின் சாயலிலேயே அம்மூன்று பாத்திரங்களும் அமைந்தன. 36 கொலைஞரை ஆராய்ந்து கண்ட முடிவுகளை அவர்கள் 1988இல் நூலாக்கினர்.

இத்தொடரின் தனிச்சிறப்பு, அறிவைப் போற்றுவதோடு அமையாது அறிவின் செருக்கையும் காட்டுவது. கொலைஞன் எட்மண்ட் கெம்பரின் மனத்தைத் தான் படித்துவிட்டதாக எண்ணி இறுமாந்த போர்ட், முதற்பருவத்தின் முடிவில் அவனால் இறுகத் தழுவப்பட்டு, அச்சத்தால் நிலைகுலைந்து வீழ்கிறான். பிறர் மனத்தை ஆராயப் புறப்பட்ட டென்ச், தன் இல்லத்துச் சிறுவனின் மனத்தை அறியாதவனாகி, இரண்டாம் பருவத்தின் முடிவில் வெறுமையான வீட்டினுள் நுழைகிறான். இவ்விடங்களில் எந்த உபதேசமும் இல்லை, நிகழ்ச்சியே பேசுகிறது.

‘முடிவின்றி நிற்பதும் ஒருவகை அழகன்றோ? எல்லாவற்றையும் ஏன் முடித்துவைத்தல் வேண்டும்?’ என இலக்கிய அன்பர் வினவலாம். வினா தகுதியுடையதே. ஆயின் முடிவின்மை இருவகைப்படும். அவ்விரண்டும் இத்தொடரிலேயே உள.

ஒன்று அட்லாண்டா நகரத்துக் கதை. 1979 முதல் 1981 வரை அந்நகரில் சிறுவரும் இளைஞருமாகக் கறுப்பினத்தவர் 28 பேரேனும் கொல்லப்பட்டனர். ஒன்பது வயது மகனை இழந்த கமீல் பெல் எனும் தாய், பிற தாய்மாரையும் சேர்த்து ஓர் அமைப்பை நிறுவி அதிகாரிகளின் கதவைத் தட்டினார். 1982இல் வேயின் வில்லியம்ஸ் என்பவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயின் அது வளர்ந்த ஆடவர் இருவரைக் கொன்றமைக்காக மட்டுமே. பிள்ளைகளின் வழக்குகள் எவையும் மன்றேறாமலே, பெரும்பாலானவை அவர் பெயரோடு சேர்த்து மூடப்பட்டன. வில்லியம்ஸ் தாம் குற்றமற்றவர் என்றே வாதிட்டுவந்தார். சான்றுகளை மறுபடி ஆராயுமாறு நகரத் தலைவி கெய்ஷா லான்ஸ் பொட்டம்ஸ் 2019இல் பணித்தார். தாய்மார்க்கு விடை கிடைக்கவில்லை. ஆதலால் தொடரும் விடை தரவில்லை. உண்மையே முற்றுப்பெறாதபோது கதையை முடித்துவைப்பது பொய்யாகும். இம்முடிவின்மை அறம்.

மற்றையது கன்சாஸ் மாநிலத்துக் கதை. அங்கங்கள் பலவற்றின் முகப்பில் ஒரு மனிதன் தோன்றுகிறான். வீடுகளுக்குக் காப்பு எச்சரிக்கைக் கருவி பொருத்தும் நிறுவனத்தின் ஊழியன். கண்ணாடியும் மீசையும் உடையவன். அவன் பெயர் சொல்லப்படவில்லை. எனினும் வரலாறு அவனை அறியும். அவன் டெனிஸ் ரேடர். 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்றவன். தேவாலய மன்றின் தலைவனாயிருந்தவன். இரண்டாம் பருவத்தின் இறுதிக் காட்சியும் அவனோடேயே முடிகிறது. இத்துணைக் காலம் ஒரு மனிதனை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே அழையாது விடுவது எக்கதை மரபு? இம்முடிவின்மை கலையால் வந்ததன்று, கணக்கேட்டால் வந்தது. 2020 சனவரியில் நடிகர்கள் ஒப்பந்தத்தினின்றும் விடுவிக்கப்பட்டனர். செலவுக்கு ஏற்ற அளவிற் பார்வையாளரை ஈர்க்கவில்லை என்பதைப் பிஞ்சரே 2023இல் வெளிப்படக் கூறினார்.

ரேடர் பிடிபட்ட வரலாறே மூன்றாம் பருவத்தின் தேவையை நிறுவும். விச்சிட்டா நகரப் பொலிஸாருக்குப் பணியக வல்லுநர் ஆலோசனை வழங்கியும் அவன் அகப்பட்டிலன். நெடுங்காலம் அடங்கியிருந்தவன், 2004இல் மறுபடி கடிதம் எழுதத் தொடங்கினான். கணினித் தட்டு ஒன்றை அனுப்பினால் தன்னைக் கண்டறிய இயலுமோ என்று பொலிஸாரையே வினவினான்! இயலாது என்ற விடையை நம்பி அனுப்பினான். அத்தட்டிற் பதிந்து கிடந்த தேவாலயத்தின் பெயரும் ‘டெனிஸ்’ என்ற பெயரும் அவனைக் காட்டிக்கொடுத்தன. மகளின் மரபணுச் சான்று உறுதிசெய்தது. 2005 பெப்ரவரியிற் கைதானான். வாஷிங்டன் மாநிலத்துப் பசுமையாற்றுக் கொலைகளும் இத்தகையனவே. அவ்வழக்கில் உழைத்தபோதுதான் டக்ளஸ் 1983இல் நோயுற்று வீழ்ந்து உயிர்பிழைத்தார். கொலைஞன் கேரி ரிட்ஜ்வேயிடம் 1987இல் எடுத்துவைத்த உமிழ்நீர், மரபணுச் சோதனை வளர்ந்த பின்னரே, 2001இல் அவனைப் பிடித்துக்கொடுத்தது. 48 கொலைகளை அவன் 2003இல் ஒப்புக்கொண்டான்.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? மனத்தை அளக்கும் கலை பயனற்றது என்பதன்று. அதற்கும் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு அப்பால், பெயரறியா ஊழியர் ஒருவர் எடுத்துவைத்துப் பேணிய சிறு சான்றே வழக்கை முடிக்கிறது என்பது. தொடர் இதுகாறும் சொல்லியது அக்கலையின் பிறப்பும் வளர்ச்சியும். அதன் அடக்கம் இன்னும் சொல்லப்படவில்லை. பாதியில் நின்றமையால், கூர்மையான பேச்சால் எந்தக் கொலைஞனையும் அறிந்துவிடலாம் என்ற மயக்கத்தோடு இளைஞர் எழுந்து போகின்றனர். அம்மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டிய பகுதியே எழுதப்படாத பகுதி.

நடிகர்க்கு வயதேறிவிட்டதே என்பாருமுளர். அதுவே நன்மை. கதைக்கு இனி வேண்டுவது ஆண்டுகளின் இடைவெளி. ரேடர் கைதானபோது போர்ட்டும் டென்ச்சும் முதியவராயிருத்தலே முறை. ஒப்பனையாற் பெற வேண்டியதைக் காலம் இலவசமாய்த் தந்திருக்கிறது.

நின்ற கதை மீள்வதும் புதிதன்று. 1893இல் ஷேர்லொக் ஹோம்ஸைக் கொன்ற கொனன் டொயில், 1903இல் அவரை உயிரோடு மீட்டார். டென்ச்சாக நடித்த ஹோல்ட் மக்கலனி, மூன்று திரைப்படங்களாகக் கதை தொடரக்கூடும் எனப் பிஞ்சர் தம்மிடம் கூறியதாக 2025இற் சொன்னார், உறுதியென்று சொன்னாரல்லர். படமாகவோ பருவமாகவோ, எவ்வடிவில் வரினும் நன்றே. வருமாயின், கன்சாஸ் மனிதனின் கைகளில் விலங்கு பூட்டப்படும் காட்சியோடு அது முடிந்துவிடலாகாது. அட்லாண்டாவின் தாய்மார் வீட்டு வாயிலுக்கும் ஒருமுறை திரும்பிச் செல்லுதல் வேண்டும். அவ்வாயிலில் நிற்கும்போதுதான், தான் கற்றது எவ்வளவு என்பதைப் போர்ட் உள்ளவாறு அறிவான்.