காவல் நாய்க்கும் பொழுது போகவேண்டும்

நம் அங்கத்தினர் பலர் தறிவீட்டிலும் தோட்டத்திலும் காவலுக்கென நாய் வளர்க்கிறோம். பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய் ஓயாது குரைப்பதும், மண்ணைப் பறிப்பதும், தன் காலையே நக்கிப் புண்ணாக்குவதும் பலவேளை சலிப்பினால் விளைபவை. இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலியன வேட்டைக்கெனப் பழகிய இனங்கள். அவற்றுக்குச் சும்மா கிடத்தல் தண்டனையே.

நாய்க்கு மூக்கே முதற்கண். ஆகையால் உணவு முழுவதையும் தட்டில் கொட்டாது, ஒரு பங்கை வைக்கோலில் ஒளித்துத் தேடவிடுவோம். மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழ் அவித்த முட்டைத்துண்டு வைப்பதும் நன்று. உலாவும்போது மோப்பம் பிடிக்குமிடத்தில் நாமும் நின்றால் என்ன?

கழிவு நூலைப் பந்தாக்கி மட்டும் கொடுத்தல் ஆகாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்காமல், உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்க.