பரவனாற்றில் வரும் சுரங்க நீர்: அளந்து அறிவது எப்படி?

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் பரவனாற்றுப் பாசனத்தை நம்பியுள்ள உழவர்களிடையே இரு வகைப் பேச்சு உண்டு. நெய்வேலிச் சுரங்கம் நிலத்தடி நீரை இறைத்துக் கிணறுகளை வற்றச் செய்துவிட்டது என்பது ஒன்று. சுரங்கத் தண்ணீர் வருவதால்தான் கோடையிலும் வாய்க்கால் ஓடுகிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. எது எவ்வளவு என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும்.

நெய்வேலியில் 1957இல் தோண்டத் தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரி எட்டப்பட்டது. கரிப்படுகையின் அடியில் உள்ள மணற்படுகையில் நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கிய அழுத்தம். அதாவது 200 முதல் 260 அடி உயர நீர் கீழிருந்து தள்ளுவதற்குச் சமம். இதைத் தணிக்காமல் கரியை வெட்டினால் சுரங்கத்தின் தரை பொங்கி உடைந்துவிடும். எனவே ஆழ்குழாய்க் கிணறுகள் மூலம் இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. முன்பு இப்பகுதியில் தானே பொங்கி வழிந்த ஆர்ட்டீசியன் கிணறுகள் ஓய்ந்ததற்கு இந்த அழுத்தக் குறைவே முக்கிய காரணம்.

இறைக்கும் நீரைக் கணக்கிடுவது கடினமன்று. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தள்ளும் ஒரு பம்பு நாள் முழுதும் ஓடினால் 14.4 லட்சம் லிட்டர். இப்படி 100 பம்புகள் ஓடுவதாக வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 14.4 கோடி லிட்டர். ஏறக்குறைய வினாடிக்கு 59 கன அடி. இதனுடன் மழை நீரும் சேரும். ஒரு சதுர கிலோமீட்டர் பள்ளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு திடீரென்று பெருகுவதில் இதற்கும் பங்குண்டு.

ஆனால் இறைத்த நீர் முழுவதையும் சுரங்கம் 'செலவழித்த' நீர் என்று எழுதிவிடக் கூடாது. ஒரு பகுதி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. பழைய அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 லிட்டருக்கு மேல் நீர் செலவிடக் கூடாது என்று மத்திய அரசு 2015இல் விதித்தது. அந்த அளவின்படி 1,000 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 8.4 கோடி லிட்டர். இதில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாகிவிடும், ஆற்றுக்குத் திரும்பாது. இறைத்ததையும் நிலையம் எடுத்ததையும் கூட்டினால் ஒரே நீரை இருமுறை எண்ணியதாகும். இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

எஞ்சிய நீர் பரவனாற்றில் விழுந்து, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிகளுக்குச் செல்கிறது. இதை உழவர்களே அளக்கலாம். வளைவில்லாத ஓரிடத்தில் 60 அடி நீளம் குறித்து, ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரம் பார்க்க வேண்டும். 30 வினாடியில் கடந்தால் மேல்மட்ட வேகம் வினாடிக்கு 2 அடி. அடிநீர் மெதுவாக ஓடுவதால் இதில் பத்தில் எட்டுப் பங்கை, அதாவது 1.6 அடியை எடுத்துக்கொள்ளலாம். அகலம் 10 அடி, சராசரி ஆழம் ஒன்றரை அடி எனில் ஓட்டம் வினாடிக்கு 24 கன அடி. ஒரு நாளைக்கு இது சுமார் 48 ஏக்கர் அடி. ஒரு ஏக்கர் நெல்லுக்கு நடவு முதல் அறுவடை வரை சுமார் 4 ஏக்கர் அடி நீர் வேண்டும். ஒரு நாள் ஓட்டம் குறைந்தால் 12 ஏக்கர் பயிரின் முழுத் தேவை குறைந்ததாகும். வழியில் ஊறும் நீரைக் கழித்தால் இந்தப் பரப்பு இன்னும் குறையும்.

கோடையில் சுரங்க நீர் சேரும் இடத்துக்கு மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவும் எடுத்தால், வித்தியாசமே சுரங்கத்தின் பங்கு. ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அளக்க வேண்டும். ஆற்றின் தடமே மாறினால் பழைய அளவோடு ஒப்பிட முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளர்ந்து நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கியதை உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கெல்லாம் அளவைப் புதிதாகத் தொடங்குவதே முறை.

கிணற்றுக் கணக்கு வேறு. ஆழ்குழாய்க் கிணற்றின் மட்டம் இறங்கினால் சுரங்க இறைப்பைச் சந்தேகிக்க இடமுண்டு. சுரங்கத்துக்குத் தொலைவில் உள்ள 30 அடித் திறந்த கிணறு வற்றினால் முதலில் மழையைப் பார்க்க வேண்டும். இரண்டின் மட்டத்தையும் மே கடைசியிலும் ஜனவரியிலும் கயிறு விட்டு அளந்து எழுதி வைப்பது நல்லது. வாய்க்காலில் வண்டல் மிகுந்தால் அரை லிட்டர் நீரை மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளலாம்.

சுரங்கம் நகர நகர, நீர் இறைக்கும் கிணறுகளின் இடமும் மாறும். வாய்க்கால் ஓட்டமும் மாறும். சென்ற ஆண்டு வந்ததே இவ்வாண்டும் வரும் என்று நாற்று விடாமல், தொடர்ந்து மூன்று நாள் அளந்த பிறகு பரப்பை முடிவு செய்யலாம். அந்நாட்களில் மழை பெய்திருந்தால் அதைத் தனியே குறிக்க வேண்டும். சுரங்க நீரோடு சேர்க்கலாகாது.